நல்ல கால் சொன்ன பொய்

பொய் சொல்ல வாய் வேண்டும் என்றுதான் இசைப்பிரியா அதுவரை நினைத்திருந்தாள். கால் போதும் என்பதை அன்று காலை தெரிந்துகொண்டாள்.

மந்தாரக்குப்பம் கடைத்தெருவில், அப்துல் கபார் ஜவுளிக்கடையின் மாடியில் இருக்கிறது அவர் மகள் அப்சானாவின் பிசியோதெரபி அறை. கீழே வாசலில் நைட்டிகள் காற்றில் ஆடும். மேலே முட்டிகள் மடங்கும், நீளும். பத்து மாதமாக இளவேனில் ஏறி இறங்கும் படிக்கட்டு அது. முதலில் ஊன்றுகோலோடு, பிறகு தங்கை இசைப்பிரியாவின் தோளைப் பிடித்துக்கொண்டு, இப்போது தனியாக.

எல்லாம் சேத்தியாத்தோப்பில், ராத்திரி விளக்கு வெளிச்சத்தில் நடந்த மின்னொளிக் கபடியில் தொடங்கியது. 'கபடி கபடி' என்று எதிரணிக்குள் பாடிப் போன இளவேனில் நடுக்கோட்டை நோக்கித் திரும்பினாள். உடம்பு திரும்பியது, பாதம் மண்ணிலேயே நின்றுவிட்டது. முட்டிக்குள் 'பட்' என்று ஒரு சத்தம். இடது முட்டியில் ஜவ்வு அறுந்து, மூட்டுக்கு நடுவே மெத்தை போல் இருக்கும் மெனிஸ்கஸும் கிழிந்திருந்தது. புதுச்சேரியில் ஆபரேஷன் நடந்தது. தொடையின் பின்பக்கத்து நாரை எடுத்து முட்டிக்குள் புது ஜவ்வாக வைத்தார்கள். கிழிந்த மெத்தையைத் தைத்தார்கள்.

அவள் இனி ஆடலாமா கூடாதா என்பதற்கு மிச்சமிருந்தது ஒரே ஒரு சோதனை. ஒற்றைக் காலில் தாண்டுவது.

"முதல்ல நல்ல கால். மூணு தடவை. அப்புறம் ஆபரேஷன் கால்," என்றாள் அப்சானா. "நல்ல கால் தாண்டுற தூரத்துல தொண்ணூறு சதவீதமாவது அந்தக் கால் தாண்டணும். தாண்டுனா சாயங்காலம் திண்டுக்கல் மேட்ச் செலக்ஷன்ல ஆடலாம். இல்லன்னா இன்னும் ரெண்டு மாசம் என் மூஞ்சியத்தான் பாக்கணும்."

"உங்க மூஞ்சி நல்லாத்தான் இருக்கு மேடம்."

"ஐஸ் வைக்காத. தாண்டு."

டேப்பின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு, கையில் சாக்பீஸோடு தரையில் உட்கார்ந்திருந்தாள் இசைப்பிரியா. அக்கா வலது காலில் நின்றாள். கைகளை வீசித் தாண்டினாள். குதிகால் பட்ட இடத்தில் இசைப்பிரியா கோடு போட்டாள்.

கோடு போட்ட கை அங்கேயே நின்றது.

குவார்ட்டர்ஸ் வீட்டின் பின்பக்கம் துணி துவைக்கிற கல் உண்டு. அங்கிருந்து சிமென்ட் தளத்தின் மேல் ஒற்றை வலது காலில் தாவி, ஓரத்து முருங்கை மரத்தைத் தொட்டுவிடுவாள் இளவேனில். போன ஞாயிற்றுக்கிழமைகூட, ஈரத்துணி தோளில் கிடக்க, சும்மா விளையாட்டுக்குத் தாவித் தொட்டாள். இன்று தாண்டிய தூரத்தை அங்கே வைத்துப் பார்த்தால், கையை நீட்டினாலும் அந்த மரம் எட்டாது.

இரண்டாவது தடவையும் அதே இடம். மூன்றாவதும் அதே இடம். கோடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தன. உயிரைக் கொடுத்துத் தாண்டுகிறவளுக்கு அரை அடி முன்னே பின்னே ஆகும். இழுத்துப் பிடித்துத் தாண்டுகிறவளுக்குத்தான் எப்போதும் ஒரே இடத்தில் விழும்.

பிறகு இடது கால். இப்போது அக்காவின் கழுத்து நரம்பு புடைத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு தாண்டினாள். விழும்போது முட்டி உள்பக்கமாக ஒரு கணம் சாய்ந்து நிமிர்ந்தது.

அப்சானா செல்போனில் கணக்குப் போட்டாள். "தொண்ணூத்தி ரெண்டு." சிரித்தவள், உடனே புருவத்தைச் சுருக்கினாள். "வலது கால் ஏன் இன்னிக்கு இவ்ளோ சோம்பேறியா இருக்கு?"

"ஷேர் ஆட்டோல மடக்கி உக்காந்து வந்தேன் மேடம். மரத்துப் போச்சு."

அப்சானா இசைப்பிரியாவைப் பார்த்தாள். "நீ டேப்பைச் சரியாப் புடிச்சியா?"

"புடிச்சேன் மேடம்."

அது பொய் இல்லை. அதுதான் சங்கடம்.

அப்சானா அங்கிருந்தே கோச் சிங்காரவேலுக்குப் போன் செய்து, ஆடலாம் என்று சொன்னாள். வைத்ததும் இளவேனிலின் முட்டியில் விரலால் தட்டினாள். "உள்ள வச்சிருக்கிறது இன்னும் முழுசா ஜவ்வா மாறல. நாளாகும். ஜாக்கிரதையா ஆடு. ரெண்டாவது தடவை அறுந்துச்சுன்னா, நீ நடக்குறதுக்குத்தான் ஆபரேஷன் பண்ணுவாங்க. ஆடுறதுக்கு இல்ல."

"சரி மேடம்," என்றாள் இளவேனில். நைட்டிகளுக்கு நடுவே இறங்கி, தெருவுக்கு வந்த பிறகுதான் தங்கையின் முகத்தைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, வேறு பக்கம் திரும்பி ஆட்டோவைக் கை தட்டி நிறுத்தினாள்.

* * *

அப்பா செங்குட்டுவனுக்கு ஃபர்ஸ்ட் ஷிஃப்ட். மத்தியானம் வந்தவர் பூட்ஸைக்கூடக் கழற்றவில்லை.

"என்னா சொன்னாங்க?"

"தொண்ணூத்தி ரெண்டு சதவீதம். ஆடலாமாம்," என்றாள் இளவேனில்.

"நான்தான் பத்து மாசமாச் சொல்லிகினு இருக்கேனே!"

அவர் மைன்ஸில் பெல்ட் ஜாயிண்ட் கேங். கரி சுமந்து ஓடும் கன்வேயர் பெல்ட் அறுந்தால், இரண்டு முனையையும் சீவி, நடுவில் ரப்பர் வைத்து, சூட்டில் அழுத்தி ஒட்டும் வேலை. மகளின் ஆபரேஷனை அவர் அந்த வழியாகத்தான் புரிந்துகொண்டிருந்தார். புதுச்சேரி டாக்டரிடமே அதைச் சொல்லிக் காட்டியவர்.

"ஜாயிண்ட் போட்ட எடம்தான் பெல்ட்லயே கெட்டி. இனிமே அறுந்தா வேற எடத்துலதான் அறுந்துபோவும். இந்த எடத்துல அறாது."

"உங்க பெல்ட்டையும் எம் பொண்ணு காலையும் ஒண்ணா வச்சிப் பேசாதீங்க," என்று சமையலறையிலிருந்து குரல் கொடுத்தாள் கண்ணகி.

"ஏன், அவளுக்கு வாஷர்கூட மாத்தியிருக்கு."

"வாஷர் இல்லப்பா, மெனிஸ்கஸ்," என்றாள் இசைப்பிரியா. "மாத்தல, தச்சிருக்காங்க."

"ஏதோ ஒண்ணு. லீக் ஆவாம இருந்தா சரி."

இசைப்பிரியா தட்டு வைத்தாள். தண்ணீர் வைத்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள். "ஜாயிண்ட் போட்ட உடனே பெல்ட்ல லோடு ஏத்திடுவீங்களாப்பா?"

"சூடு ஆறணும். ஆறிடுச்சின்னா ஏத்திட வேண்டிதான்."

"ஆறலன்னா?"

"பத்து மாசமாவா ஆறாம இருக்கும்?" என்று சிரித்தார் செங்குட்டுவன். சோற்றில் குழம்பை ஊற்றிக்கொண்டார். "திண்டுக்கல் மேட்ச்சுக்கு ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல வேலை குடுக்கறவங்க வர்றாங்கன்னு சிங்காரவேல் சொன்னாரு. இவளைப் பத்தி விசாரிச்சாங்களாம். மே மாசம் நான் ரிட்டையர் ஆவுறதுக்குள்ள..."

அதற்கு மேல் சொல்லவில்லை. அவர் ரிட்டையர் ஆனால் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். அந்த வாக்கியத்தை அந்த வீட்டில் யாரும் முழுசாகச் சொல்லி முடித்ததில்லை.

பின்பக்கம் இளவேனில் டிராக் பேண்ட்டை அலசிக்கொண்டிருந்தாள். இசைப்பிரியா துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் போய் நின்றாள்.

"வலது கால்ல ஏன்க்கா குறைச்சுத் தாண்டின?"

"யாரு குறைச்சா?"

"இந்தக் கல்லுல இருந்து இப்ப தாண்டு. பாப்போம்."

"துணி காயப் போடணும். வழிய வுடு."

"அக்கா."

இளவேனில் துணியை முறுக்கிப் பிழிந்தாள். "இடது கால் தாண்டுனது நெசந்தான?"

"அதை எதோட வச்சிப் பாக்குறாங்களோ, அது பொய்யில்ல?"

"சரி. அப்ப போய்ச் சொல்லு. மேடம்கிட்ட சொல்லு, கோச்கிட்ட சொல்லு, அப்பாகிட்ட சொல்லு. கால் என்னுது. ஆனா நீ சொன்னா மத்தவங்க என்னா பேசுவாங்க தெரியுமா? அக்கா இல்லன்னா தங்கச்சிதான் கேப்டன், அதான் போட்டுக் குடுத்துட்டாம்பாங்க. நான் சொல்ல மாட்டேன். ஊரு சொல்லும்."

இருவரும் ஒரே டீம். இளவேனில் பாடப் போகிறவள். பிடிப்பது தங்கையின் வேலை. ஆனால் அன்று மத்தியானம் அக்கா போட்ட பிடியிலிருந்து இசைப்பிரியாவால் நகர முடியவில்லை.

* * *

சாயங்காலம் டவுன்ஷிப் மைதானத்தில் தண்ணீர் தெளித்துக் கோடு போட்டிருந்தார்கள். கபடி டி.வி.யில் வரத் தொடங்கிய பிறகு வேடிக்கை பார்க்கிற கூட்டம் அதிகமாகியிருந்தது. வேலி ஓரமாக செங்குட்டுவன் நின்றார். பக்கத்தில் அவருடைய கேங் ஆள் அய்யனார், கையில் பொரிகடலைப் பொட்டலத்தோடு.

"இளவேனில் அந்தப் பக்கம், இசை இந்தப் பக்கம்," என்றார் சிங்காரவேல். "அக்கா தங்கச்சி பாசத்தையெல்லாம் வூட்டுல வச்சிட்டு வாங்கம்மா. இங்க எனக்கு வேணாம்."

இளவேனில் எழுந்து நின்றபோதுதான் இசைப்பிரியா அதைக் கவனித்தாள். முட்டி கேப் போட்டிருந்தாள் அக்கா. வலது காலில்.

வடலூரிலிருந்து புதிதாக வந்திருந்த கலியம்மாள், இசைப்பிரியாவின் காதோரம் குனிந்தாள். நல்ல உடம்புக்காரி. இடுப்பில் வந்து விழுந்தால் எழுந்திருக்க நேரமாகும். "உங்க அக்காவுக்கு அந்தக் கால்தான?" என்றாள், கேப்பைக் காட்டி.

இசைப்பிரியா பதில் சொல்லவில்லை. கலியம்மாள் அதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டாள். "அதைப் புடிச்சா உக்காந்துரும். எல்லாரும் அந்தப் பக்கம் பாருங்கடி."

கட்டுப் போட்ட காலைக் குறி வைப்பது கபடியில் புதிதல்ல. அது தெரிந்துதான் அக்கா மாற்றிப் போட்டிருந்தாள். காலையில் குறைத்துத் தாண்டிய அதே நல்ல கால், சாயங்காலம் அடுத்த பொய்க்கு வந்து நின்றது.

முதல் ரெய்டில் இளவேனில் ஒருத்தியைத் தொட்டுவிட்டு வந்தாள். அடுத்ததில் இரண்டு பேர். பத்து மாதம் மைதானத்தைப் பார்க்காதவள் மாதிரியே இல்லை.

"பாத்தியா! ஜாயிண்ட்டு!" என்று வேலியிலிருந்து குரல் வந்தது.

"கெட்டிதான்ணே," என்றார் அய்யனார், வாயில் பொரியோடு.

ஆட்டம் முடியும் தறுவாயில் மறுபடி பாடி வந்தாள். கலியம்மாளும் இன்னும் இரண்டு பேரும் கேப் போட்ட கால் பக்கமாகவே நெருக்கினார்கள். அங்கே இடமில்லை. இளவேனில் இடப்பக்கம் திரும்பினாள். அந்த மூலையில் நின்றது இசைப்பிரியா. அக்கா இடது காலை நீட்டி, கட்டைவிரலால் தங்கையின் காலைத் தொட்டாள்.

கைகள் யோசிக்கவில்லை. பழக்கம். குனிந்த வேகத்தில் இசைப்பிரியாவின் இரண்டு கைகளுக்குள் அக்காவின் கணுக்கால் வந்து மாட்டிக்கொண்டது.

"புடி! வுடாத!" என்று கத்திக்கொண்டே திரும்பிய கலியம்மாள், இடுப்பில் விழுவதற்குத் தாவினாள்.

'கபடி கபடி' என்ற சத்தம் நிற்கவில்லை. ஆனால் மெலிந்தது. கைக்குள் இருந்த கால் துள்ளியது. காலையில் மாடியறையில் பார்த்த மாதிரியே முட்டி உள்பக்கம் சாயத் தொடங்கியது. இந்தத் தடவை நிமிரவில்லை.

இசைப்பிரியா கைகளைத் திறந்தாள்.

இளவேனில் நடுக்கோட்டில் போய் விழுந்தாள். கலியம்மாள் வெறும் மண்ணில் விழுந்தாள். விசில் ஒலித்தது. தொடப்பட்ட இசைப்பிரியா அவுட்.

"இசை! கைக்கு வந்த காலை வுட்டுட்டியே!" என்றார் சிங்காரவேல்.

"வழுக்கிடுச்சி சார்."

"வழுக்குறதுக்கு அது என்னா விரால் மீனா?"

பெண்கள் சிரித்தார்கள். கால் சொன்ன இரண்டு பொய்களுக்குப் பிறகு வந்தது அது. இதைச் சொன்னது இசைப்பிரியாவின் வாய்.

இருட்டுவதற்குள் பன்னிரண்டு பேரின் பெயரை சிங்காரவேல் சொல்லி முடித்தார். முதல் பெயர் இளவேனில். கடைசிப் பெயர் கலியம்மாள். நடுவில் இசைப்பிரியா இல்லை.

வேலிக்கு அந்தப் பக்கம் செங்குட்டுவன் முதல் பெயருக்குத் தூக்கிய கையைக் கடைசிப் பெயர் வந்ததும் இறக்கினார். பிறகு அய்யனாரின் டி.வி.எஸ்ஸில் ஏறிப் போய்விட்டார். ஒருத்தியாவது தேறினாளே, இனிப்பு வாங்க வேண்டாமா?

அக்காவும் தங்கையும் வேப்பமரங்களுக்கு அடியில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தார்கள். டவுன் பஸ் ஒன்று அவர்களைக் கடந்து போனது.

"ஏன்டி வுட்ட?"

"நான் புடிச்சது கேப் போடாத காலை."

இளவேனில் சைக்கிளை மறு கைக்கு மாற்றிக்கொண்டாள்.

"உன்னைய எடுக்க மாட்டாருன்னு நான் நெனைக்கல," என்றாள் இளவேனில்.

"என்னைய வுடு. திண்டுக்கல்ல கார்னர்ல நிக்கிறவ உன் தங்கச்சி இல்லக்கா. அவ எதுக்கு வுடணும்?"

* * *

"பெரியவ போறா, சின்னவ போவலன்னா என்னா அர்த்தம்?" என்று கண்ணகி சமையலறைக்கும் கூடத்துக்கும் நடந்துகொண்டிருந்தாள். "ரெண்டு பேரையும் ஒண்ணாத்தான வளர்த்தேன்?"

"அடுத்த வருஷம் போவா," என்றார் செங்குட்டுவன். ஜாங்கிரிப் பெட்டியைப் பிரித்து ஒன்றை எடுத்துக்கொண்டு பெரிய மகளைத் தேடினார். காணோம்.

பின்பக்கத்திலிருந்து 'தொப்' என்று சத்தம் கேட்டது. சற்றுப் பொறுத்து மறுபடி 'தொப்'.

அவர் போனார். பின்னாலேயே இசைப்பிரியாவும் போனாள்.

விளக்கைப் போட்டுவிட்டு, வெறுங்காலோடு துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள் இளவேனில். கையில் செங்கல் துண்டு. சிமென்ட் தளத்தில் இரண்டு சிவப்புக் கோடுகள். ஒன்று முருங்கை மரத்தின் அடியில். இன்னொன்று அதற்கு வெகுவாக இந்தப் பக்கம்.

"என்னா கோடும்மா இது?"

"மரத்துகிட்ட இருக்கிறது வலது கால்."

"இது?"

"இடது."

செங்குட்டுவன் குந்தி உட்கார்ந்தார். ஒரு கையில் ஜாங்கிரி. மறு கையால் இரண்டு கோட்டுக்கும் நடுவே சாண் வைத்தார். ஒரு சாணில் முடியவில்லை. இரண்டிலும் முடியவில்லை. ஆரம்பத்திலிருந்து மறுபடி வைத்துப் பார்த்தார்.

"காலைல தொண்ணூத்தி ரெண்டுன்னு சொன்னியே."

"காலைல வலது கால் முழுசாத் தாண்டலப்பா. நான் தாண்ட வுடல."

முருங்கை இலை ஒன்று கோட்டின் மேல் விழுந்தது. அவர் அதை எடுத்துப் போட்டார். எழுந்திருக்கவில்லை.

"ஜாயிண்ட் போட்ட எடம்தான் கெட்டின்னு ஊரெல்லாம் சொல்லிகினு திரிஞ்சேன்," என்றார். யாரிடம் என்று தெரியவில்லை. ஜாங்கிரிப் பாகு மணிக்கட்டில் வழிந்துகொண்டிருந்தது.

அவர் சட்டைப் பையில் செல்போன் அடித்தது. எடுத்துப் பார்த்தார். சிங்காரவேல்.

கோச் எதற்குக் கூப்பிடுகிறார் என்று எல்லோருக்கும் தெரியும். நாளைக்கே டிக்கெட் போட வேண்டும். வயது கேட்பார், ஆதார் நம்பர் கேட்பார். செங்குட்டுவன் அடிக்கிற போனைச் சற்று நேரம் வைத்திருந்தார். பிறகு பெரிய மகளிடம் நீட்டினார்.

"நீயே பேசு. உன் கால்."

இளவேனில் செங்கல் துண்டைக் கீழே போட்டாள். கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள்.

"சார், இளவேனில்தான் பேசுறேன்... டிக்கெட் எனக்குப் போட வேணாம் சார். எம் பேரை எடுத்துடுங்க... கால் இன்னும் சரியாவல. காலைல மேடத்தை நான்தான் ஏமாத்துனேன். நாளைக்குப் போய் அவங்ககிட்டயும் சொல்லிடுறேன்."

மறுமுனையில் சிங்காரவேல் போட்ட சத்தம் முருங்கை மரம் வரைக்கும் கேட்டது. இளவேனில் போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்தாள். அடங்கியதும் திரும்பக் காதில் வைத்தாள்.

"இன்னொண்ணு சார். இசைக்குக் கை வழுக்கல. அது தெரிஞ்சுதான் வுட்டுச்சு."

இந்தத் தடவை சிங்காரவேல் சொன்னது போனுக்கு வெளியே கேட்கவில்லை. இளவேனில் கேட்டுக்கொண்டே நின்றாள். தலையை ஆட்டினாள். பிறகு போனைத் தங்கையிடம் நீட்டினாள்.

"உன்கிட்ட பேசணுமாம். அந்த எடத்துக்கு."

இசைப்பிரியா கையை நீட்டவில்லை. அக்கா இல்லன்னா தங்கச்சிதான். மத்தியானம் இதே கல்லுக்குப் பக்கத்தில் நின்று கேட்டது. நாளைக்குக் காலையில் மைதானத்தில் கலியம்மாள் கேட்பாள். வேலியோரம் அய்யனார் கேட்பார். தாண்டிய தூரத்தைச் சாண் வைத்து அளந்து அவர்களுக்கெல்லாம் காட்ட முடியாது.

அப்பா இன்னும் குந்தியபடியே நிமிர்ந்து அவளைப் பார்த்தார். வாசற்படியில் அம்மா வந்து நின்றிருந்தாள்.

"புடிடி," என்றாள் இளவேனில். "கை வலிக்குது."

"ஹலோ... இசை? ஹலோ?" என்றது போன்.

அன்று இரண்டாவது தடவையாக, பிடிக்கவோ விடவோ இசைப்பிரியாவின் கைக்கு ஒன்று வந்திருந்தது.